‘டீச்சர் ஊடு’ என்றொரு வலைப்பூ

வலைப்பூ அறிமுகப் பயிற்சிக்கு என்னை அனுப்பியதற்கு ஒரே காரணம், சுற்றறிக்கை வந்த நேரத்தில் ஆசிரியர் அறையில் நான் மட்டும் உட்கார்ந்திருந்ததுதான். மற்றவர்கள் விவரமானவர்கள். தலைமையாசிரியர் கையில் காகிதத்தோடு வராந்தாவில் வருவதைப் பார்த்ததும் ஆளுக்கொரு வகுப்புக்குள் புகுந்துகொண்டார்கள். கணக்கு வாத்தியாருக்குக் கம்ப்யூட்டர் என்ன பெரிய விஷயமா என்று சொல்லி அவர் என்னிடம் பேனாவை நீட்டினார். கணக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன ஒட்டு உறவு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கோபம் வந்தால் நான் பேசமாட்டேன், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அன்றும் அப்படித்தான் போட்டேன்.

கொல்லிமலையிலிருந்து கீழே ஒரு பயிற்சிக்குப் போவதென்றால் முதல் பஸ்ஸைப் பிடித்து, கொண்டை ஊசி வளைவுகள் முடியும்வரை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, அடிவாரத்துக் காரவள்ளி வந்த பிறகுதான் திறக்கவேண்டும். இத்தனை வருஷம் மலையில் வேலை பார்த்தும் என் வயிறு அந்த ரோட்டோடு ராசியாகவில்லை. நாமக்கல்லில் இறங்கும்போதே தலை சுற்றிக்கொண்டிருந்தது. பயிற்சி நடந்த ஹாலில் பாதிப் பேர் செல்லை நோண்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் டீ எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு இளம்பெண். பதிவு என்றால் என்ன, பின்னூட்டம் என்றால் என்ன, எழுதி முடிக்காததை வரைவாக எப்படி வைத்துக்கொள்வது என்று திரையில் காட்டிக்கொண்டே போனார். நான் எழுந்து, இந்தக் காலத்தில் யாரம்மா வலைப்பூ படிக்கிறார்கள், பிள்ளைகள் எல்லாம் செல்லில் வீடியோ அல்லவா பார்க்கிறார்கள் என்று கேட்டேன். வம்புக்குத்தான் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. வகுப்பில் வாய் திறக்கிற பிள்ளைகள் எப்போதும் அதே நாலு பேர்தான், பேசாத பிள்ளைக்கும் ஒரு இடம் வேண்டுமல்லவா என்றார். ஆசிரியருக்கும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் இதையும் சொன்னார்.

“வாயே தொறக்காம ஒரு வகுப்ப முழுசா நடத்தலாங்க சார்.”

நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றையும் காது கொடுத்துக் கேட்டேன். ஏனென்றால் என் வீட்டில் குரல் போன ஒரு டீச்சர் இருந்தாள்.

அவள் என் மனைவி. அதே பள்ளியில் அறிவியல் டீச்சர். நாங்கள் இருவருமே மலைக்காரர்கள் இல்லை. அவள் புளியஞ்சோலைப் பக்கம், நான் நாமக்கல் பக்கம். வேலைக்காக ஏறினோம், அப்புறம் இறங்கத் தோன்றவில்லை. அவள் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அவள் எட்டாம் வகுப்பில் பாடம் நடத்தினால் சுவருக்கு இந்தப் பக்கம் என் பத்தாம் வகுப்புக்கும் சேர்த்து நடக்கும். நான் அந்த வகுப்பு வாசலில் போய் நின்று, கொஞ்சம் மெதுவாகப் பேசு அம்மிணி, என் முக்கோணத்தில் எல்லாம் பச்சையம் வளர்கிறது என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டுவாள்.

பாடத்தை அவள் கதையாகத்தான் சொல்வாள். ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துவாள். வகுப்பு ‘ம்’ என்று சொன்னால்தான் அடுத்த வரி. கதை கேட்பவர் உம் கொட்டவேண்டும் என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் மலைக்குள் குண்டூர் நாட்டுச் சிற்றூர்களிலிருந்து நடந்து வரும் எங்கள் பிள்ளைகள் அதை ஒரு கடமையாகவே செய்வார்கள். ஒருவன் விட்டுவிட்டால் பக்கத்தில் இருப்பவன் முழங்கையால் இடிப்பான். அவளும் விடமாட்டாள். “இன்னும் ஒரு ஆள் சொல்லல கண்ணு” என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். கடைசி ‘ம்’ வந்து சேரும்வரை தவளையின் இதயம் பாதியில் நிற்கும்.

குரல் கரகரத்தபோது சாக்பீஸ் தூசி என்று நினைத்தோம். பிறகு பனி என்று நினைத்தோம். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் தேனும் மிளகும் கொண்டு வந்து கொடுத்தார்கள். மிளகுக்கு இங்கே என்ன பஞ்சம். சேலத்து ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அது தொண்டையில் புற்றுநோயாக இருந்தது. குரல்வளையை முழுதாக எடுத்துவிட வேண்டும், கழுத்தில் ஒரு துளை வைப்போம், இனி அந்த வழியாகத்தான் மூச்சு என்று டாக்டர் படம் வரைந்து விளக்கினார். அவள் தன் பாடத்தை வேறு யாரோ நடத்துவதைக் கேட்பதுபோல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும்போது அவள் கடைசியாக என்ன பேசினாள் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அந்த நேரத்தில் எவ்வளவோ பேசியிருக்கலாம். ஊட்டில் கேஸை அடைத்தீர்களா என்றுதான் கேட்டாள். அடைத்துவிட்டேன் என்றேன். “ம்” என்றாள். தள்ளுவண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் தொண்டையிலிருந்து நான் கேட்ட கடைசிச் சத்தம் அந்த ‘ம்’தான்.

அதன்பிறகு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசவேண்டியதாயிற்று. நான் பேசுகிற ஆள் இல்லை. இருந்தாலும் பள்ளிக்கூடத்துக் கதை, பக்கத்துக் காட்டில் மிளகு பறிக்க ஏணி போட்ட கதை என்று ஏதாவது தொடங்குவேன். இரண்டு வரியில் நின்றுவிடும். எதனால் நிற்கிறது என்று எனக்கே புரியவில்லை. அவளுக்குத்தான் புரிந்தது. நான் நிறுத்தியதும் கட்டிலின் இரும்புக் கம்பியில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். நான் அடுத்த வரி சொன்னேன். மறுபடி தட்டினாள். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ‘ம்’ என்றால் விரல் தட்டுதான்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து பார்த்தார். டீச்சர் வேலைக்கு வரட்டும், நூலகத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளட்டும், வகுப்பு மட்டும் எப்படி என்று இழுத்தார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. குரல் இல்லாமல் எட்டாம் வகுப்பை யார் மேய்ப்பது. அவர் போன பிறகு அவள் சிலேட்டை எடுத்தாள். சின்னப் பிள்ளைகள் எழுதி இழுத்தால் அழிந்துவிடும் பிளாஸ்டிக் சிலேட். அதில்தான் அவள் என்னோடு பேசுவாள். “பாடம் எடுக்காம நான் எதுக்குங்க?” என்று எழுதிக் காட்டினாள். காட்டிவிட்டு உடனே அழித்துவிட்டாள். பள்ளிக்கூடத்து மணி எங்கள் வீடுவரை கேட்கும். ஒவ்வொரு மணிக்கும் அவள் செய்துகொண்டிருந்த வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பதை நான் விடுமுறை எடுத்த நாட்களில் பார்த்திருக்கிறேன். பார்க்கச் சகிக்காது.

இந்த நிலைமையில்தான் நான் அந்தப் பயிற்சிக்குப் போய்த் திரும்பினேன். வலைப்பூ என்று ஒன்று தொடங்கலாம், நீ இங்கேயிருந்து எழுது, பிள்ளைகள் கம்ப்யூட்டர் அறையில் படிப்பார்கள் என்று அவளிடம் சொன்னேன். யார் படிப்பார்கள் என்று சிலேட்டில் எழுதினாள். நான் பயிற்சியில் கேட்ட அதே கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் எனக்குச் சொன்ன பதிலை அப்படியே இவளுக்குச் சொன்னேன். அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ராத்திரிச் சோறு போடும்போது என் தட்டுக்குப் பக்கத்தில் சிலேட்டை வைத்தாள். அதில் ‘டீச்சர் ஊடு’ என்று இருந்தது. பள்ளிவிட்டுப் போகும்போது பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டுத்தான் போவார்கள். டீச்சர் ஊட்டுக்குப் போலாம் என்பது அவர்கள் பேச்சு. வலைப்பூவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.

எங்கள் வீட்டில் சிக்னல் பின்பக்கத்துப் பலாமரத்தின் அடியில் மட்டும்தான் கிடைக்கும். ஏன் அங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் லேப்டாப்புக்கு ஒரு முக்காலியும் போட்டு, கழுத்துத் துளையில் தூசி போகாமல் மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். காய்க்கிற பருவத்தில் நாற்காலியை எங்கே போடுவது என்று அண்ணாந்து பார்த்துத்தான் போடவேண்டும். முதல் பதிவு வெள்ளாட்டைப் பற்றி. கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மரவள்ளிக் காட்டில் இலை தின்ற ஆடு ஏன் வயிறு உப்பிச் செத்தது என்று எழுதினாள். வகுப்பில் பேசுவதுபோலவே எழுதினாள். ஒரு வரி, அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் அடுத்த வரி. அந்த இடைவெளி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

தலைமையாசிரியர் வாரத்தில் இரண்டு நாள் கடைசி வகுப்பை ஒதுக்கினார். கம்ப்யூட்டர் அறையை வேறொரு ஆசிரியர் பார்த்துக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்குப் பத்தாம் வகுப்பு. ஆகவே பிள்ளைகள் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று நான் நேரில் பார்க்கவில்லை. படிக்கிறார்களா என்று கேட்டால், சத்தமே இல்லை சார், அவ்வளவு அமைதி என்று அவர் சொன்னார். சத்தமே இல்லை என்பது எங்கள் வீட்டில் நல்ல செய்தியாக இல்லை.

ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் ‘கருத்துகள் இல்லை’ என்று இருந்தது. ஆட்டுக்கும் இல்லை, பலாப்பிசின் ஏன் தண்ணீரில் போகாமல் எண்ணெயில் போகிறது என்பதற்கும் இல்லை, சாமையில் உமி எத்தனை சுற்று இருக்கிறது என்பதற்கும் இல்லை. நெட் சரியில்லை என்று நான் சமாளித்துப் பார்த்தேன். அவள் எழுதுவது குறைந்தது. கொடியில் மிளகு முளைக்கும் கதையைத் தொடங்கி, வேர் எங்கே பிடித்துக்கொள்கிறது என்பதோடு விட்டுவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அவள்மேலேயே காட்டினேன். நாலு பேர் கைதட்டினால்தான் பாடம் எடுப்பாயா என்று கேட்டேன்.

அவள் நிதானமாகச் சிலேட்டை இழுத்து அழித்துவிட்டு எழுதினாள்: “கைதட்ட வேண்டாம். கேக்கறாங்கன்னு தெரிஞ்சாப் போதும்.”

அதற்கடுத்த வாரம், மிளகு காயப்போடும் காலம், பாதிப் பிள்ளைகள் வீட்டு வேலைக்கு நின்றுவிட்டிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வராந்தாவில் என்னை மறித்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. அவள் என்னிடம் வந்து பேசியதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

“ஏனுங்க சார், டீச்சர் ஏனுங்க கதைய நிறுத்திட்டாங்க? நாங்க உம் கொட்டிக்கிட்டேதானுங்க இருந்தோம்.”

எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டேன். கதைக்குக் கீழே இருக்கும் பெட்டியில்தான் என்றாள். டீச்சருக்கு ஏதாவது சொல்வதென்றால் அதில் எழுதச் சொல்லியிருந்தார்களாம். ஒவ்வொரு இடைவெளி வரும்போதும் ஒவ்வொருவராக ‘ம்’ என்று எழுதிப் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தியதும் அது மறைந்துவிடும். மறைந்தால் சந்தேகம் வராதா என்று கேட்டேன். அவள் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். சொன்ன ‘ம்’ காதுக்குப் போனதும் மறையத்தானே செய்யும் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்களாம்.

வீட்டுக்குப் போய்ப் பலாமரத்தடியில் உட்கார்ந்து, பயிற்சியில் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தித் தேடினேன். ஸ்பேம் என்று ஒரு இடம். வெளிநாட்டில் மாத்திரை விற்கிறவனும் லாட்டரி விழுந்தது என்கிறவனும் போடும் குப்பையை மெஷின் தானாகத் தள்ளிவைக்கும் இடம். ஒரே எழுத்தை இத்தனை முறை எவனாவது எழுதினால் அதுவும் குப்பைதான் என்று அந்த மெஷின் முடிவுகட்டியிருந்தது. திறந்தேன். பக்கம் பக்கமாக ‘ம்’ கிடந்தது. பெயர் எழுதும் இடத்தைப் பிள்ளைகள் விட்டிருந்ததால் ஒவ்வொன்றின் மேலும் ‘பெயரில்லா’ என்று இருந்தது. பெயரில்லா, ம். பெயரில்லா, ம். கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எனக்கு அந்த மெஷினைத் தூக்கிக் கிணற்றில் போடவேண்டும் போல் இருந்தது.

அவளைக் கூப்பிட்டேன். மாவுக் கையோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். கழுத்துத் துணி மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. குரல் போன மனுஷி அழுதால் வெறும் காற்றுதான் வரும். அதைக் கேட்க நேர்ந்தவர்களுக்குத்தான் அது என்ன சத்தம் என்று தெரியும். நான் ஒவ்வொன்றாக ‘ஸ்பேம் அல்ல’ என்று அழுத்தி அழுத்தி வெளியே எடுத்து வைத்தேன். அவள் என் தோளில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல மாதங்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். மிளகுக்கொடி மறுபடி ஏறத் தொடங்கியது. தினமும் காலையில் ஸ்பேமைத் திறந்து ‘ம்’களை மீட்பது என் வேலை. எது யாருடையது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. எல்லாம் பெயரில்லாதான். ஆனால் ஒன்று ‘ம்ம்’ என்று இருக்கும், அது அவசரக்காரன். ஒன்று ‘ம்.’ என்று புள்ளி வைத்திருக்கும், அது எல்லாவற்றையும் முறையாகச் செய்கிற பிள்ளை. ‘மீம்’ என்று ஒன்று வந்தது, அது தட்டத் தெரியாதவன். அவள் சிலேட்டில் பெயரை எழுதிக் காட்டுவாள், நான் மறுநாள் போய் விசாரித்துவிட்டு வருவேன். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரி. பிறகு கேள்விகள் வரத் தொடங்கின. மரவள்ளி இலை விஷமென்றால் கிழங்கு மட்டும் நம்மை ஏன் ஒன்றும் செய்வதில்லை என்று ஒரு பெயரில்லா கேட்டிருந்தது. அதற்குத் தோலுரிப்பது, வேகவைப்பது, தண்ணீரை வடித்துக் கொட்டுவது என்று அவள் மூன்று பதிவு எழுதினாள்.

நடுவில் மேலதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, பின்னூட்டம் என்றால் பொருளுள்ளதாக இருக்கவேண்டும், இதென்ன வெறும் ‘ம்’, இதையெல்லாம் அழித்துவிட்டு நாலு நல்ல கருத்தை மட்டும் வையுங்கள் என்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். வழக்கமாகக் கோபம் வந்தால் கையெழுத்துப் போடுகிற நான் அன்று வாயைத் திறந்துவிட்டேன். பாடம் நடக்கும்போது ஒரு பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதைவிடப் பொருளுள்ள கருத்து எதுவும் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஒரு நாள் ஸ்பேமில் இல்லாமல் நேரே வந்து நின்ற பின்னூட்டம் ஒன்று. “டீச்சர் உங்க கொரல் எங்கங்க போச்சு?” பெயரில்லாதான் கேட்டிருந்தது. நான் அதை அழித்துவிடலாமா என்று கேட்டேன். அவள் முறைத்தாள். பொழுது சாய்ந்து பனி இறங்கும்வரை நாற்காலியை விட்டு எழவில்லை. மறுநாள் ‘குரல் எங்கிருந்து வருகிறது’ என்று தலைப்புப் போட்டு எழுத ஆரம்பித்தாள். முதல் பதிவு இப்படித் தொடங்கியது: “எல்லாரும் கழுத்துல விரல வெச்சுக்கிட்டு ‘ம்’ சொல்லுங்க. உள்ள ஏதோ நடுங்குதா? அத விட்றாதீங்க, இன்னொருக்கா சொல்லுங்க.”

அன்று கடைசி வகுப்பில் நான் பத்தாம் வகுப்புக்கு வட்டத்தின் தொடுகோடு நடத்திக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் அறை அடுத்ததற்கு அடுத்த அறை. முதலில் தேனீக்கூட்டம் கலைந்துவிட்டதோ என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. எட்டாம் வகுப்பு முழுக்கக் கழுத்தில் விரலை வைத்துக்கொண்டு ‘ம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி சொன்னது. அவள் பாடம் மறுபடியும் சுவரைத் தாண்டி என் வகுப்புக்குள் வந்துவிட்டது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தொடுகோட்டைப் போட்டு முடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

நுரையீரல், மூச்சுக்குழாய், அதன் உச்சியில் இரண்டு மெல்லிய நாண்கள், காற்று வந்து மோதினால் அவை எப்படி நடுங்குகின்றன என்று ஒவ்வொரு பதிவாக எழுதிக்கொண்டு வந்தாள். அந்த நாண்களை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அடுத்த பதிவு. அதை எழுதத் தொடங்கியபோது கழுத்தில் காதுக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது. மறுபடி அந்த ரோட்டில் இறங்கினோம். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. வளைவுக்கு வளைவு அவள் தலை ஜன்னலில் இடிக்காமல் பிடித்துக்கொண்டேன். டாக்டர் இந்த முறை படம் வரையவில்லை. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வலிக்கு மருந்து தருகிறோம் என்றார்.

பலாமரத்தடிக்கு அவளால் நடக்க முடியாமல் போனதும் கட்டிலிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வரைவில் வைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு வரி. நான் மரத்தடிக்குப் போய் அன்றைய ‘ம்’களை வாங்கிக்கொண்டு வந்து அவளுக்குப் படித்துக் காட்டுவேன். பழைய பதிவுகளையே பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படித்து உம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பெயரில்லா, ம் என்பேன். என் மணிக்கட்டில் ஒரு தட்டு. பெயரில்லா, ம்ம். இன்னொரு தட்டு. விரலில் பலம் குறையக் குறைய நான் கையை இன்னும் கிட்டே வைத்துக்கொண்டேன். ஒரு காலையில் படித்தேன், தட்டு வரவில்லை. சரியாகக் கேட்கவில்லை போல என்று மறுபடி படித்தேன். அந்த ஒரு ‘ம்’மை எத்தனை முறை படித்தேன் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து என் கையை எடுத்துவிட்டார்.

பிள்ளைகள் சீருடையோடு வந்து வாசலில் நின்றார்கள். உலகத்தில் எனக்கு அன்று யார்மேலும் கோபம்கூட வரவில்லை. கோபம் வராமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றுதான் தெரிந்தது.

வரைவில் அந்தப் பதிவு இருப்பது எனக்குத் தெரியும். பல நாள் அதன் பக்கம் போகவில்லை. அழிக்கவும் மனமில்லை, படிக்கவும் தைரியமில்லை. நான் மறுபடி பள்ளிக்குப் போகத் தொடங்கி, கம்ப்யூட்டர் அறை ஆசிரியர் என்னிடம் வந்து, பிள்ளைகள் அந்த வகுப்புக்கு வந்து பழைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் திறந்தேன். ஏழெட்டு வரிதான் இருந்தது. டாக்டர் எப்படி அறுத்தார், மூச்சு இப்போது எந்த வழியாக வருகிறது, குளிக்கும்போது துளைக்குள் தண்ணீர் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி இது: “நாண் ரெண்டையும் எடுத்துட்டா ஒருத்தர் பேசறது நின்னுபோயிரும்னு நெனைக்காதீங்க கண்ணுகளா. எப்படின்னா” அதோடு சரி. அப்புறம் வழக்கமான இடைவெளி.

ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் வெளியிட்டேன்.

அடுத்த நாள் ஸ்பேம் நிறைந்திருந்தது. அவசரக்காரன் வந்திருந்தான். புள்ளி வைக்கிறவள் வந்திருந்தாள். தட்டத் தெரியாதவன் இப்போது சரியாகத் தட்டியிருந்தான். வாயே திறக்காத அந்தப் பெண்ணுடைய ‘ம்’ எது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவள் இல்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்தேன். ‘எப்படின்னா’ என்பதற்குக் கீழே அத்தனை ‘ம்’. அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வருஷம் முடிந்து ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிறகும் ஒன்றிரண்டு வந்துகொண்டே இருந்தது.

நான் கணக்கு வாத்தியார். அவள் விட்ட வரியை முடிக்க எனக்குத் தெரியாது. முயற்சி செய்யாமல் இல்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ‘எப்படின்னா’வுக்குப் பின்னால் எதையாவது தட்டுவேன், தட்டியதை அழிப்பேன். அது என் பேச்சாகத்தான் இருக்கும், அவள் பேச்சாக இருக்காது. அவள் என்ன சொல்ல வந்தாள் என்று பக்கத்திலேயே இருந்த நான் கேட்டு வைத்திருக்கலாம். நாளைக்கு எழுதுவாள் என்று நினைத்தேன்.

போன வாரம் பலாமரத்தடியில் உட்கார்ந்து அந்தப் பதிவைத் திறந்தேன். கீழே இருந்த பெட்டியில் ‘ம்’ என்று தட்டினேன். பெயர் கேட்ட இடத்தை விட்டுவிட்டேன். பட்டனை அழுத்தியதும் அது மறைந்துபோயிற்று. போய்ப் பார்த்தேன், ஸ்பேமில் கிடந்தது. ‘ஸ்பேம் அல்ல’ என்று அழுத்தி எடுத்து, பிள்ளைகளுடைய வரிசையில் கடைசியாக வைத்தேன்.

எல்லாரும் சொல்லியாச்சு, அம்மிணி.